காசியின் ஒரு பக்கம்: ஒளிப்பட நடைகள் பார்ப்பதும் பார்க்கத் தவறுவதும்

காசிக்கு வரும் கேமராக்காரர்களை நம்பியே அங்கே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு இருட்டோடு படித்துறைக்கு அழைத்துப் போகும் உள்ளூர் இளைஞர் இதில் இருக்கிறார். வெளிநாட்டவருக்குப் பல நாள் பட்டறை நடத்தும் பெயர்பெற்ற ஒளிப்படக்காரரும் இருக்கிறார். 'போட்டோ வாக்', 'போட்டோ டூர்' என்று பெயர் எதுவானாலும் நிரல் ஏறத்தாழ ஒன்றுதான். விடியலில் அஸ்ஸி காட்டிலோ தசாசுவமேத காட்டிலோ ('காட்' என்றால் படித்துறை) தொடங்கிப் படகிலிருந்தும் படிகளிலிருந்தும் சூரிய உதயம். வெயில் ஏறியதும் ஒரு டீ, சந்துகளுக்குள் ஒரு சுற்று, மதியம் ஓய்வு. மாலையில் கங்கை ஆரத்தி.

நடையின் பாதையை வழிகாட்டி முடிவு செய்வதாகத்தான் நினைக்கிறோம். உண்மையில் அவருக்கு முன்பே மூன்று விஷயங்கள் அதை முடிவு செய்துவிடுகின்றன: ஆற்றின் போக்கு, இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட படங்கள், காசு. மூன்றும் ஒரே திசையில் தள்ளுவதால் காசியின் ஆற்றுமுகம் மட்டும் சலிக்காமல் பதிவாகிறது. அதன் முதுகுப்புறம், அதாவது மக்கள் குடியிருக்கும் சந்துகள், சரியான பதிவே இல்லாமல் மாறியும் இடிந்தும் போகின்றன. ஒளிப்பட நடை என்ற பழக்கத்தை எடைபோட இந்த முரணிலிருந்து தொடங்குவது நல்லது.

ஆறு போட்ட மேடை

இமயத்திலிருந்து இறங்கித் தென்கிழக்காகவும் கிழக்காகவும் ஓடும் கங்கை காசியில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. நகரம் மேற்குக் கரையில், ஆற்று வளைவின் வெளிப்புறத்தில், சுண்ணாம்புக் கற்கள் கலந்த கெட்டியான மேட்டின்மீது அமர்ந்திருக்கிறது. எதிர்க்கரை வெள்ளம் புரளும் மணல்வெளி. வெள்ளத்துக்கு அஞ்சி யாரும் அங்கே நகரம் கட்டவில்லை. எனவே அஸ்ஸியிலிருந்து வடக்கே ராஜ்காட்வரை ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் எண்பத்துச் சொச்சம் படித்துறைகளும் வெறும் மணலைப் பார்த்து நிற்கின்றன. அந்த மணலுக்கு மேல்தான் சூரியன் எழுகிறது.

ஒளிப்படக்காரருக்கு இதைவிட வசதியான மேடை அமையாது. குறுக்கே ஒரு கட்டடமும் இல்லாததால் முதல் கதிரே படிகளில் நேராக விழுகிறது. நீராடுபவர், புரோகிதரின் ஓலைக்குடை, கரையில் கட்டிய படகு, மேலே அரண்மனைச் சுவர் எல்லாவற்றின்மீதும் ஒரே நேரத்தில் பொன்னிற வெளிச்சம் படுகிறது. கரை பிறைபோல் வளைந்திருப்பதால் பருவத்துக்குப் பருவம் வெளிச்சத்தின் கோணமும் மாறும். குளிர்காலத்தில் தென்கிழக்கில் எழும் சூரியனை வளைவின் வடபகுதிப் படித்துறைகள் நேருக்கு நேர் பார்க்கின்றன. கோடையில் சூரியன் வடகிழக்கில், ஐந்து மணி கடந்த சில நிமிடங்களிலேயே எழுந்துவிடும். டிசம்பரில் ஆறே முக்கால் ஆகும், பனிமூட்டம் இருந்தால் இன்னும் தாமதம். நல்ல வழிகாட்டிக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

பிற்பகலில் காட்சி தலைகீழ். சூரியன் கட்டடங்களின் பின்னால் போய்விட, படித்துறைகள் முழுவதும் நிழலில் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் கேமராக்காரர்களைப் படிகளில் பார்ப்பது அரிது. மாலையில் மின்விளக்கும் பித்தளை அடுக்கு தீபமும் சேர்ந்து ஒளி கொடுக்கும்போதுதான் மறுபடி கூட்டம் சேரும். தசாசுவமேதத்தில் இன்று நடக்கும் பெரிய ஆரத்தி, ஒரே சீருடையும் ஒரே அசைவுமாக ஒழுங்கு பெற்றது 1990களில். அஸ்ஸியில் விடியற்கால ஆரத்தியும் இசையுமாக 'சுபஹ் ஏ பனாரஸ்' தொடங்கியது 2014இல். காலங்காலமாக நடப்பதாகத் தலைப்பிடப்படும் பல படங்களில் இருக்கும் சடங்கின் இன்றைய வடிவம், அந்தப் படத்தை எடுத்தவரைவிட வயதில் இளையது.

மழைக்காலத்தில் மேடை காணாமல் போகிறது. ஜூலை முதல் செப்டம்பர்வரை நீர் ஏறி ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் இடையிலுள்ள நடைவழி மூழ்கிவிடும். காசியில் கங்கையின் அபாய அளவு 71.26 மீட்டர், 1978 வெள்ளத்தில் நீர் 73.9 மீட்டர்வரை ஏறியது. வெள்ளம் வடிந்ததும் படிகளின்மேல் ஆளுயரத்துக்கு வண்டல் நிற்கும். பம்புசெட் வைத்து, கனத்த குழாயைத் தோளில் தாங்கி, தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அந்தச் சேற்றை ஆற்றுக்கே திருப்பி அனுப்புகிறார்கள் தொழிலாளர்கள். முழங்கால் சேற்றில் நின்று செய்கிற வேலை இது. ஒவ்வொரு படியாக வெளிப்பட வாரக்கணக்கில் ஆகும். தீபாவளிக்குப் பதினைந்து நாள் கழித்துக் கார்த்திகைப் பௌர்ணமியன்று வரும் தேவ தீபாவளியில் லட்சக்கணக்கான அகல்கள் எரிவது இவர்கள் கழுவிக்கொடுத்த படிகளில்தான். விளக்கு எரியும் படிகளைக் காட்டாத சுற்றுலா விளம்பரம் இல்லை. சேறு கழுவும் படத்தை விளம்பரத்தில் தேடிப் பார்த்தாலும் கிடைப்பது கடினம்.

முன்பே எடுக்கப்பட்ட படம்

ஆற்றிலிருந்து பார்க்கும் காசி கேமரா கண்டுபிடித்ததல்ல. 1781இல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸோடு வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், காசியின் கரையையும் பஞ்சகங்கா காட்டின்மேல் நின்ற ஆலம்கீர் மசூதியின் உயர்ந்த மினார்களையும் வரைந்தார். சில ஆண்டுகளில் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் படகில் வந்து தசாசுவமேத காட்டை வரைந்தார்கள். மூவரும் வழிப்போக்கர்கள். படகில் போகிறவர் கண்ணில் எது படுமோ அதுதான் அவர்களுக்குக் காசி.

இவர்களிலிருந்து விலகி நிற்பவர் ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தை 1837இல் படித்துக்காட்டியவராக நாம் அறிந்த அதே பிரின்செப்தான். 1820 முதல் 1830வரை காசி நாணயசாலையில் உலோகத் தரம் சோதிக்கும் அதிகாரியாக இருந்தார். நகரத்தை அளந்து வரைபடம் போட்டார், மக்கள்தொகைக் கணக்கெடுத்தார், மேற்சொன்ன மசூதியின் மினார்களைப் பழுதுபார்த்தார். 1830களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய படத்தொகுதியில் ஆற்றுக்காட்சிகள் உண்டு. அவற்றோடு பித்தளைப் பாத்திரக்காரர்களின் தட்டேரி பஜாரும் உண்டு. பத்து வருடம் அங்கே குடியிருந்தவருக்குக் கடைத்தெருவும் வரையத்தக்கதாகத் தெரிந்தது. காசியைப் படமெடுப்போரை இன்றும் இந்த இரண்டு வகையாகத்தான் பிரிக்க முடிகிறது.

கேமரா வந்தபோது நுட்பமும் ஆற்றுமுகத்துக்கே சாதகமாக இருந்தது. 1863இல் இந்தியா வந்த சாமுவேல் பார்ன் காசியைப் படமெடுத்த காலத்தில் புழங்கியது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே போட்ட இருட்டுக் கூடாரத்தில் கழுவிவிட வேண்டும். பெட்டிகள், புட்டிகள், கூடாரம், அவற்றைச் சுமக்க ஆட்கள் என்று ஒரு சிறு ஊர்வலமே தேவைப்பட்டது. தகட்டில் ஒளி பதிய வினாடிகள் பிடிக்கும். இருண்ட சந்தில் அது இன்னும் நீளும், நடப்பவர் எல்லாரும் புகையாகக் கரைந்துவிடுவார்கள். அகன்று திறந்த, வெளிச்சம் நிறைந்த, அசையாத கல்படிகளே அந்தக் கேமராவுக்கு ஏற்ற பொருள்.

1888இல் கோடக் கைக்கேமரா வந்த பிறகு இந்தக் கட்டாயம் தளர்ந்தது. இன்று பாக்கெட்டில் கிடக்கும் போனே மெழுகுவத்தி வெளிச்சத்தில் படமெடுக்கிறது. நுட்பத்தின் தடை போன பிறகும் பார்வையின் தடம் போகவில்லை. நடைக்கு வருபவர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே காசிப் படங்களை நூற்றுக்கணக்கில் பார்த்து முடித்திருக்கிறார். பனிமூட்டத்தில் ஒற்றைப் படகு, காவி உடுத்த சாது, சிந்தியா காட்டில் சாய்ந்து நிற்கும் கோயில் என்று ஒரு பட்டியல் அவரிடம் இருக்கிறது. அதை நிறைவேற்றிக் கொடுப்பவரே அவருக்கு நல்ல வழிகாட்டி.

ஆற்றுமுகமும் மாறாததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலம்கீர் மசூதியின் மினார்களில் ஒன்று 1948இல் விழுந்தது, மற்றொன்று பின்னர் அகற்றப்பட்டது. ஹாட்ஜஸ் முதலியோரின் படங்கள் இல்லாவிட்டால் அந்தக் கரையின் பழைய தோற்றத்தை நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாது. அவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தை வரைந்தது பயனற்றுப் போகவில்லை. எந்த இடம், எந்த ஆண்டு என்ற குறிப்பு கூடவே இருந்ததால் அவை சான்றாயின. இன்றைய லட்சக்கணக்கான உதயப் படங்களில் பலவற்றுக்கு அந்தக் குறிப்பும் இல்லை.

சந்தின் வெளிச்சம்

படிகளிலிருந்து நூறு தப்படி உள்ளே போனால் வேறு ஊர். இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அகலம், ஒரு மாடு எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய நெருக்கம். வெயில் நேரடியாகக் கீழே இறங்குவதில்லை. மேலே மூன்றாவது மாடியில் பட்டு, எதிர்ச் சுவரில் மோதி, அங்கிருந்து இங்கே என்று மெத்தென்று வடிந்து வரும். நிழலே விழாத வெளிச்சம் அது.

இதன் தன்மையை யாரையும்விடக் கூர்மையாகப் புரிந்துகொண்டவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டின் உள்முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் அமைத்திருந்தார்கள். ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, தெறித்து வரும் ஒளியில் படமெடுத்தார். பின்னாளில் உலகமெங்கும் வழக்கமான தெறிப்பொளி முறையின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று அப்படிப் பிறந்தது. படித்துறையின் பொன்வெயிலைக் கண்டு யாரும் வியப்பார்கள். சந்தின் மங்கலை வியந்து நின்றவர், திரைக்கலைக்கே ஒரு புதுப் பழக்கத்தைக் கொடுத்தார்.

கட்டண நடைகளில் சந்துகளுக்கு ஒதுக்கப்படுவது வெயில் கடுமையான நேரம்தான். வேகமாக நடந்து, ஒரு நீலக் கதவு, ஒரு மாடு, மண்சட்டியில் லஸ்ஸி என்று அலங்காரங்களை எடுத்துக்கொண்டு வெளியேறுவார்கள். மதன்புராவின் நெசவு வீடுகளில் தறிச் சத்தம் தெருவரை கேட்கும், உள்ளே எந்த நேரத்தில் போகலாம், யாரைக் கேட்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் பழகியவருக்குத்தான் தெரியும். பழகுவதற்கு நாள் பிடிக்கும். நாளுக்குக் காசு வாங்கும் நடைக்கு அது கட்டுப்படியாகாது.

காசும் கோலமும்

மூன்றாவது விசை காசு. நடைக்கு வந்தவர் பணம் கொடுத்திருக்கிறார், படமில்லாமல் திரும்ப மாட்டார். அதனால் படத்தை ஏற்பாடு செய்யும் ஒரு பொருளாதாரம் படிகளில் உருவாகியிருக்கிறது. கேமராவுக்கென்றே விபூதி பூசி அமர்ந்திருக்கும் சாதுக்கள் காசு பேசித்தான் கண்ணைத் திறப்பார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கடற்காக்கைகளை எடுத்துக்கொள்வோம். நவம்பர் முதல் மார்ச்வரை கங்கையில் திரியும் இவற்றுக்குப் படகுக்காரர்கள் சேவு வீசுவார்கள். நீட்டிக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதும் நூற்றுக்கணக்கில் சிறகடித்துப் படகைச் சூழும். பின்னால் சூரியன், முன்னால் சிறகுகள், நடுவே படகில் ஒரு பெண் அல்லது சாது. இந்தப் படம் தானாக நேர்வதில்லை, ஒரு பொட்டலம் சேவின் விலையில் அமைகிறது. எண்ணெயில் பொரித்த தீனி அந்தப் பறவைகளுக்கு நல்லதல்ல என்பது தனிக் கவலை.

இதை ஏமாற்று என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் படகோட்டும் நிஷாத் சமூகத்தாருக்கு விடியற்காலை சவாரி ஒரு முக்கிய வருமானம். கோலம் பூண்டு அமர்பவருக்கும் அது அன்றைய சோறு. படமெடுக்கப்படுபவர் தம் தோற்றத்துக்கு விலை கேட்பதில், கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதைவிட நேர்மை அதிகம். குறை ஏற்பாட்டில் இல்லை. ஏற்பாடு செய்ததை 'காசியில் ஒரு காலைப்பொழுது' என்று தலைப்பிட்டு இயல்புபோலக் காட்டுவதில் இருக்கிறது. இரண்டு எட்டு தள்ளி அரைமணி நேரம் நின்றால் ஏற்பாடில்லாதது தானே கிடைக்கும். பாண்டே காட்டில் துணி துவைப்பவர்கள் கல்லில் அடிக்கும் தாளமும், துளசி காட்டு அகாடாவில் பயில்வான் மண்ணைப் பூசிக்கொள்ளும் நேரமும் கேமராவைக் கேட்டு நடப்பவை அல்ல.

மூட வேண்டிய கேமரா

மணிகர்ணிகை காட்டில் சிதைகள் இரவும் பகலும் எரிகின்றன. அங்கே படமெடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஒளிப்பட நடையின் தரத்தை அளக்க இந்த ஓர் இடம் போதும். சிலர் கேமராவைப் பையில் போடச் சொல்லிவிட்டு நடக்கிறார்கள். சிலர் நீண்ட லென்ஸோடு ஆற்றின் நடுவே படகை நிறுத்துகிறார்கள், தூரம் கூடினால் தவறு குறையும் என்பதுபோல. இன்னும் சிலர் 'விறகுக்கு நன்கொடை' கேட்டு வருபவரிடம் ஏதோ கொடுத்துவிட்டு அனுமதி வாங்கியதாகக் கருதிக்கொள்கிறார்கள். தந்தையை எரிக்க வந்த மகன் அந்தப் பணத்தையும் பார்க்கவில்லை, அந்த அனுமதியையும் கொடுக்கவில்லை.

சிதையைப் படமாக்கவே கூடாதா என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. ராபர்ட் கார்ட்னரின் 'ஃபாரஸ்ட் ஆஃப் ப்ளிஸ்' (1986) ஆவணப்படம் ஒரு சொல் விளக்கமும் இல்லாமல் காசியின் மரணத் தொழில்களை ஒன்றரை மணி நேரம் காட்டுகிறது. மானிடவியலாளர்கள் அதைப் பற்றி இன்னும் சண்டையிடுகிறார்கள். ஒளிப்படக்காரர் ரகுபீர் சிங் வண்ணத்தில் எடுத்து 1987இல் வெளியிட்ட காசி நூலுக்குப் பின்னால் கங்கைக் கரையோடு அவருக்கிருந்த நெடுங்காலப் பழக்கம் இருக்கிறது. அவர்களுடைய விடை சரியா தவறா என்பது இருக்கட்டும், கேள்வியோடு வாழ அவர்கள் காலம் செலவிட்டார்கள். ஒரு காலை நடையில் வந்தவருக்கு அந்தத் தகுதி வாய்க்க வழியில்லை.

தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் படமெடுப்பதை அது தடுத்துவிடவில்லை. குளித்துக் கரையேறும் பெண்ணின் எதிரே வரிசையாகப் பத்து லென்ஸ் நிற்பதை எந்தச் சட்டப் பிரிவும் உடனே விலக்கப் போவதில்லை. பொறுமை தீர்ந்தால் ஊரே கதவைச் சாத்தும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ எடுத்துக்காட்டு. கெய்ஷா கலைஞர் பெண்களைத் துரத்திப் படமெடுப்பவர்களின் தொல்லை தாங்காமல் கியோன் பகுதி மக்கள் 2019இல் தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். 2024இல் அந்தத் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைவதே தடைசெய்யப்பட்டது. கூட்டத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு: தனியாக வந்தால் தயங்கும் மனிதர், பத்துப் பேரில் ஒருவராக வரும்போது தயங்குவதில்லை. வழிகாட்டி காசு வாங்குவது இந்தத் தயக்கத்தைப் போக்குவதற்கா, காப்பதற்கா என்பதே கேள்வி.

இடிந்தபின் தேடப்படும் படம்

2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டி 2021 டிசம்பர் 13இல் திறக்கப்பட்ட காசி விசுவநாதர் வளாகம், கோயிலிலிருந்து ஆற்றுவரை ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர அடியில் விரிந்திருக்கிறது. அதற்காக முந்நூறுக்கு மேற்பட்ட மனைகள் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. லாகோரி டோலா போன்ற குடியிருப்புகள் அதோடு போயின. நெரிசலில் நசுங்காமல் பக்தர் நடக்க வழி கிடைத்தது என்பாரும் உண்டு, நகரத்தின் உயிரே அறுபட்டது என்பாரும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமல்ல. அந்தச் சந்துகளில் யாரோ போகிறபோக்கில் எடுத்த மங்கலான படம்கூட இன்று ஆவணம். அதே நாளில் படித்துறையில் எடுத்த ஆயிரம் உதயங்கள் ஆவணமாகவில்லை.

இந்த இடத்தில் ஒளிப்பட நடைக்கு ஒரு பழைய முன்னோடி இருப்பது நினைவுக்கு வர வேண்டும். 1875இல் லண்டனில் 'ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸ்' என்ற பழைய சத்திரம் இடிபடப் போகிறது என்று தெரிந்ததும், அதைப் படமெடுத்து வைப்பதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பதினோரு ஆண்டுகளில் 120 படங்கள், ஒவ்வொன்றும் மங்காத கார்பன் அச்சில். 1890களில் இங்கிலாந்தின் அமெச்சூர் கேமரா சங்கங்கள் பழைய ஊர்களைத் தெருத் தெருவாகப் பதிவு செய்யும் 'சர்வே' இயக்கமாக அதை வளர்த்தன. அழகான படம் என்பதோடு இடம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவையும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. உலகளாவிய 'போட்டோ வாக்' கொண்டாட்டங்கள் 2008க்குப் பின் பரவியபோது கூடி நடப்பது மட்டும் வந்து சேர்ந்தது, குறித்து வைப்பது விடுபட்டுப் போயிற்று.

நமக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. கேதார் காட்டில் நெடுக்காகச் செங்காவியும் வெள்ளையும் அடித்த சுவர் தூரத்திலிருந்தே நம் ஊர்க் கோயில் மதிலை நினைவூட்டும். பக்கத்திலேயே குமரகுருபரர் நிறுவிய மடம். ஹனுமான் காட்டில் 1898 முதல் சில ஆண்டுகள் பாரதி தங்கிப் படித்த அத்தை வீடு, அதன் ஒரு பகுதியைத் தமிழக அரசு 2022 டிசம்பரில் நினைவிடமாகத் திறந்தது. 1813இல் நிறுவப்பட்ட நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து நாள்தோறும் விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் 'சம்போ, சம்போ' என்ற குரலோடு சந்துகள் வழியே போகின்றன. தமிழ்ப் பெயர்ப்பலகை மாட்டிய வீடுகள், புரோகிதர் குடும்பங்களின் திண்ணை, இட்லிக் கடை எல்லாம் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. இவற்றை வீடு வீடாகப் படமெடுத்து, பெயரும் ஆண்டும் குறித்து, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமும் ஒன்றை நூலகத்திலும் சேர்க்கும் வேலைக்கு நாலு பேர் கொண்ட ஒரு நடை போதும். செலவும் பெரிதில்லை.

நடைமுறையில் இது கேட்கும் மாற்றங்கள் சிறியவை. விடியல் படகை யாரும் கைவிட வேண்டியதில்லை. அதே குழு மறுநாள் ஒரே ஒரு சந்தை எடுத்துக்கொண்டு, அங்கே குடியிருக்கும் ஒருவரைக் கூலி கொடுத்து வழிகாட்டியாக வைத்து, காலை முழுவதும் அதைவிட்டு நகராமல் இருக்கலாம். எடுத்த படங்களை அச்சிட்டு அடுத்த நடையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்த படம், அடுத்த முறை கதவைத் திறக்கும். ஒவ்வொரு படத்துக்கும் சந்தின் பெயரும் தேதியும் எழுதுவது பழக்கமாக வேண்டும். மணிகர்ணிகையில் கேமரா பைக்குள் இருக்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு விலகிப் போகும் வாடிக்கையாளரை இழப்பது நஷ்டமே அல்ல.

ஆற்றுமுகத்தை ஹாட்ஜஸ் காலத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம், இனி ஒருவர் எடுக்காமல் போனாலும் குறை வராது. சந்துகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த இடிப்பு எந்தத் தெருவில் என்பது முன்கூட்டியே தெரியும் காலம் இது. திட்ட வரைபடங்கள் வெளியாகின்றன, சுவரில் குறியிடுகிறார்கள். குறியிட்ட சுவருக்கும் இயந்திரம் வரும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் அவகாசத்தில், கேமராவோடு ஒரு கூட்டம் ஏற்கெனவே அதே ஊரில்தான் நடந்துகொண்டிருக்கிறது. அவர்களை ஒரு தெரு உள்ளே திருப்பிவிட்டால் போதும்.